நம்ம உடம்பிலிருக்கிற ஜீனுக்கு ஒரு கம்பெனி பேட்டன்ட் வாங்க முடியுமா?

தக்கலை_ராஜி
எங்கள் சித்திக்குப் போன வருடம் மார்பகப் புற்றுநோய் வந்தது. வயது 43. திருவனந்தபுரத்தில் சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். ஆச்சிக்கும் இதே நோய் இருந்ததால் பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் (இந்த நோய் குடும்ப வழியாக வருகிறதா என்று பார்ப்பது) எடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்கிறார். ரத்தம் பெங்களூருக்குப் போகுமாம், இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பயோடெக் படிக்கும் என் தம்பியோ, "அந்த ஜீனையே ஒரு அமெரிக்கக் கம்பெனி பேட்டன்ட் பண்ணி வச்சிருக்கு, அதான் இந்த விலை" என்கிறான். உண்மையா? அப்படியானால் சித்தி ரத்தம் கொடுத்தால் அதில் இருக்கிற ஜீனும் அவர்களுக்குப் போய்விடுமா? சட்டம் தெரிந்தவர்கள், லேபில் வேலை செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ரப்பர்_பால்
ஆச்சி கொடுத்த ஜீனுக்கு அமெரிக்காக்காரன் எந்தத் தாலுகா ஆபீஸில் பட்டா வாங்கினானாம்?

வடசேரி_வக்கீல்
ராஜி, உங்கள் தம்பி சொன்னது 2013 வரைக்கும் அமெரிக்காவில் உண்மை. இந்தியாவில் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் நம் நாட்டுக்காரர்தான். வங்காளத்தில் பிறந்த ஆனந்த சக்ரவர்த்தி, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை செய்தபோது, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ள பொருளுக்குப் பேட்டன்ட் கிடையாது என்று அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. மனிதன் உருவாக்கியதாக இருந்தால் உயிருள்ளதற்கும் உண்டு என்றார்கள். அந்தக் கதவு திறந்ததும் ஜீன்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.

பிஆர்சிஏ1 ஜீன் 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-ல் காட்டியவர் மேரி கிளேர் கிங். அதன் முழு வரிசையை 1994-ல் முதலில் எடுத்தது மிரியட் ஜெனடிக்ஸ் கம்பெனிக் குழு. உடம்புக்குள் இருக்கும்வரை அது இயற்கை, அதையே உடம்பிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் எங்கள் கண்டுபிடிப்பு என்பதுதான் அவர்கள் வாதம். பேட்டன்டும் கிடைத்தது. அதை வைத்துப் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பி இந்தச் சோதனையை நிறுத்த வைத்தார்கள். அங்கே ஒரு பெண் 3,000 டாலருக்கு மேல் கொடுத்துச் சோதனை எடுத்த பிறகு, முடிவில் சந்தேகம் வந்து இன்னொரு லேபில் பார்க்கலாம் என்றால் இன்னொரு லேபே கிடையாது. எனக்கு விலையைவிட இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள்: இயற்கையில் இருக்கும் டிஎன்ஏ துண்டைப் பிரித்தெடுத்த காரணத்தால் மட்டும் அது யாருக்கும் சொந்தமாகாது. ஆய்வகத்தில் ஆர்என்ஏ-யிலிருந்து திருப்பி எழுதிச் செய்கிற சிடிஎன்ஏ-வுக்கு மட்டும் உண்டு. தீர்ப்பு வந்த அன்றே வேறு லேப்கள் பிஆர்சிஏ சோதனையை அறிவித்துவிட்டன. 2015-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் மிரியட்டுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அங்கே வழக்குப் போட்டவர் இவோன் டார்சி, புற்றுநோய் வந்து பிழைத்த ஒரு அம்மா. ஐரோப்பா மட்டும் வேறு வழி. 1998-ல் வந்த அவர்களுடைய விதிப்படி, பிரித்தெடுத்த மனித ஜீனுக்கு இன்றும் பேட்டன்ட் கேட்கலாம், அதன் பயன் என்ன என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும்.

இந்தியாவில் பேட்டன்ட் சட்டம் பிரிவு 3(சி) இயற்கையில் கிடைக்கும் உயிருள்ள, உயிரற்ற எதையும் கண்டறிந்ததற்காகப் பேட்டன்ட் தராது. நோயறியும் முறைகளுக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது, பிரிவு 3(ஐ). அதை அப்புறம் எழுதுகிறேன், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

மணவாளக்குறிச்சி_மண்
எங்கள் ஊர்க்காரனுக்கு இது டக்கென்று புரியும். கடற்கரை மணலை அள்ளிக் காந்தத்தில் ஓட்டி, மின்சாரத்தில் ஓட்டி இல்மனைட் தனி, ஜிர்கான் தனி, மோனசைட் தனி என்று பிரிக்கிறார்கள். பிரிக்கிற மெஷினைப் புதிதாக ஒருவன் செய்தால் அந்த மெஷினுக்குப் பேட்டன்ட் கேட்கட்டும். பிரித்துவிட்டேன், அதனால் மோனசைட் என்ற பொருளே எனக்குச் சொந்தம், உலகத்தில் வேறு எவனும் தொடக்கூடாது என்றால் எப்படி?

நித்திரவிளை_88
மண்ணை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் அண்ணே. எந்த ஜீன் எந்த நோய்க்குக் காரணம் என்று தேடுகிறவன் பல வருடம், பல கோடி செலவழித்துத் தேடுகிறான். நான் சென்னையில் நோயறியும் கிட் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். பேட்டன்ட் உண்டா என்பதுதான் முதலீட்டாளர் கேட்கிற முதல் கேள்வி. இல்லை என்றால் காப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

அமெரிக்காவில் இப்போது நோயறியும் முறைகளுக்குப் பேட்டன்ட் வாங்குவதே பெரும் பாடு. 2012-ல் மேயோ – பிரமீதியஸ் தீர்ப்பு. தையோப்யூரின் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர் ரத்தத்தில் அது மாறி உண்டாகும் பொருளின் அளவைப் பார்த்து டோஸைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று முடிவு செய்யும் முறை அது. இயற்கை விதியைச் சொன்னதைத் தவிர நீ ஒன்றும் செய்யவில்லை என்று தள்ளிவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 2015-ல் சீக்வனாம் என்ற கம்பெனியின் வழக்கு. கர்ப்பிணியின் ரத்தத்திலேயே குழந்தையின் டிஎன்ஏ மிதக்கிறது என்று 1997-ல் டென்னிஸ் லோவும் கூட இருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். அதுவரை கருப்பைக்குள் ஊசி போட்டு நீர் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய விஷயம்! அதற்கும் பேட்டன்ட் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். 2019-ல் அதீனா வழக்கு, மையஸ்தீனியா என்ற தசை பலவீன நோய் உள்ளவர்களில் வழக்கமான சோதனையில் சிக்காதவர்களைக் கண்டுபிடிக்கும் ரத்தச் சோதனை. அதுவும் போயிற்று. மறுவிசாரணை வேண்டாம் என்று ஏழுக்கு ஐந்தாக முடிவெடுத்த மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகள், தனித்தனியாக எட்டுக் கருத்து எழுதி வைத்தார்கள். இதற்குப் பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும், ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எங்கள் கையைக் கட்டிவிட்டது என்பதுதான் பலருடைய புலம்பல்.

நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது என்றுதான் சொல்ல வந்தேன்.

ரப்பர்_பால்
முதலீட்டாளர் காப்பி குடிக்கிற நேரத்தை வைத்தா எங்கள் ஊர்ப் பொம்பளைகள் உயிருக்கு விலை போட வேண்டும்?

நெறியாளர்
ரப்பர்_பால், சூடு போதும். இன்னொரு விஷயம், எந்த மருத்துவமனை, எந்த லேப் என்று பெயர் போட வேண்டாம். இரண்டு பதிவை நீக்கியிருக்கிறேன்.

லேப்_மார்த்தாண்டம்
பெங்களூரில் மூலக்கூறு ஆய்வகத்தில் இருக்கிறேன், ஊர் மார்த்தாண்டம். விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ராஜி அக்கா, நீங்கள் கொடுக்கிற இருபதாயிரத்தில் அந்த ஜீனுக்கான ராயல்டி என்று எதுவும் இல்லை. ஜீனின் எழுத்து வரிசையைப் படிக்கிற சீக்வன்சிங் மெஷின் வெளிநாட்டுச் சரக்கு, அதற்கு ஊற்றுகிற ரீஏஜென்ட் (ரசாயனம்) அந்தக் கம்பெனியிடமே வாங்க வேண்டும். மெஷினுக்கும் ரீஏஜென்ட்டுக்கும் பேட்டன்ட் நிச்சயமாக உண்டு, அது வேறு கதை. மிச்சம் ரிப்போர்ட்டைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர் சம்பளம், கலெக்ஷன் சென்டர் கமிஷன்.

எங்களுக்கு நிஜமான தலைவலி வேறு. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று இருக்கிற ஜீன் இரண்டும் ரொம்பப் பெரியவை. எழுத்து மாற்றம் எங்கே வேண்டுமானாலும் வரலாம். சில மாற்றங்கள் நோய் தருபவை என்று தெரியும், சிலவற்றால் ஒன்றும் இல்லை என்று தெரியும். இரண்டிலும் சேராததை வி.யூ.எஸ். என்று எழுதி அனுப்புவோம், அதாவது அதன் விளைவு இன்னும் தெரியவில்லை. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் நிம்மதியாகவும் இருக்க முடியாது, ஆபரேஷனுக்கும் போக முடியாது.

ஒரு மாற்றம் கெட்டதா நல்லதா என்று எப்படித் தெரியும்? அதே மாற்றம் உள்ள நிறையப் பேரையும் அவர்கள் குடும்பங்களையும் பார்த்தால்தான் தெரியும். உலகத்தில் அப்படி ஆட்களை அதிகம் பார்த்தது மிரியட். பேட்டன்ட் இருந்த வருடங்களில் அமெரிக்காவில் அத்தனை ரத்தமும் அவர்களிடம்தானே போனது? 2004 வாக்கில் அவர்கள் அந்தத் தகவலைப் பொதுத் தரவுத்தளத்துக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பேட்டன்ட் 2013-ல் போய்விட்டது, தரவு அவர்கள் கையிலேயே நின்றுவிட்டது. பேட்டன்ட் என்றால் இருபது வருடத்தில் காலாவதி. ரகசியமாக வைத்துக்கொண்ட தரவுக்குக் காலாவதி என்று ஒன்று கிடையாது.

அதற்கு எதிராகத்தான் கிளின்வார் மாதிரிப் பொதுத் தளங்கள் வந்தன, பல நாட்டு லேப்கள் தங்கள் கணிப்பை அதில் போடுகின்றன. ஆனால் அதில் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் அதிகம், நம் ஆட்கள் குறைவு. அதனால் வி.யூ.எஸ். நமக்கு அதிகமாக வருகிறது. என்னைக் கேட்டால் இந்த இழையில் பேச வேண்டியது இதைத்தான். பேட்டன்ட் பூதம் நம் ஊருக்கு வரவே இல்லை.

வடசேரி_வக்கீல்
லேப்_மார்த்தாண்டம் சொன்ன தரவு விஷயம் அருமை. அதற்குப் பிறகு வருகிறேன், 3(ஐ) பாக்கி இருக்கிறது.

மனிதருக்கோ விலங்குக்கோ செய்யும் மருத்துவம், அறுவை, நோய்த்தடுப்பு, நோயறிதல் ஆகிய சிகிச்சை முறைகளுக்குப் பேட்டன்ட் இல்லை என்பது அந்தப் பிரிவு. நோயறிதல் என்பதை 2002 திருத்தத்தில் சேர்த்தார்கள். காரணம் எளிது. அறுவை மேஜைமேல் நிற்கிற டாக்டர் அடுத்த வெட்டுக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று யோசிக்கக்கூடாது. அமெரிக்காவில் இது நடந்தது. தையல் போடத் தேவையில்லாத கண்புரை அறுவைக்கு ஒரு டாக்டர் பேட்டன்ட் வாங்கி இன்னொரு டாக்டர்மேல் கேஸ் போட்டார். பாலின் – சிங்கர் வழக்கு, 1996-ல் முடிந்தது. அதே வருடம் அங்கே சட்டத்தை மாற்றி, டாக்டர்கள்மேல் இந்த மாதிரி நஷ்டஈடு கேட்க முடியாதபடி செய்தார்கள். எவரெஸ்ட் ஏறப் போய், அப்புறம் நெய்யூரில் டாக்டராகத் தங்கிவிட்ட சாமர்வெல் காலத்தில் இப்படி யாராவது நோட்டீஸ் அனுப்பியிருந்தால் நம் தாத்தாக்களின் குடல்புண்ணெல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

நித்திரவிளைத் தம்பிக்கு ஒரு நல்ல செய்தி. 3(ஐ) எல்லாவற்றையும் அடைத்துவிடவில்லை. கிட்டுக்கு, கருவிக்கு, புதிதாகச் செய்த வேதிப்பொருளுக்கு அது தடையில்லை. முறைக்குத்தான் தடை. அந்தத் தடை எவ்வளவு தூரம் என்பதை 2023 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அலசினார். மனு போட்டவர்கள் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகமும் அதே சீக்வனாமும். தாய் ரத்தத்திலிருந்து கருவின் மரபணுத் தகவலை எடுக்கும் முறை, ஆனால் அமெரிக்காவில் விழுந்த பேட்டன்ட் இல்லை, வேறு ஒன்று. இரண்டு பக்கமும் வெட்டுகிற தீர்ப்பு அது. சோதனை உடம்புக்கு வெளியே டெஸ்ட் டியூபில் நடக்கிறது என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது, நோய் இன்னதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லாவிட்டாலும் சிகிச்சைக்கான நோயறிதல் அதை வைத்துச் செய்ய முடியுமானால் பேட்டன்ட் கிடையாது என்றார். நோயைக் கண்டுபிடிக்க வடிவமைக்கப்படாத, முதல்கட்டமாகச் சலித்துப் பார்க்கும் சோதனை மாதிரியானவை தடைக்குள் வராது என்றும் சொன்னார். அந்த மனுதாரர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது.

எனக்கு அந்தக் கோட்டில் முழுத் திருப்தி இல்லை. சலிப்பது எங்கே முடிகிறது, நோயறிவது எங்கே தொடங்குகிறது? விண்ணப்பம் எழுதுகிற கெட்டிக்கார ஏஜென்ட் இனிமேல் நோய் என்ற சொல்லே வராமல் எழுதுவார்.

(இந்தச் சோதனையில் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது இந்தியாவில் குற்றம், 1994 சட்டம். யாரும் இங்கே கேட்டு எழுத வேண்டாம்.)

நித்திரவிளை_88
ஏஜென்ட் அப்படித்தான் எழுதுவார் சார், அதற்குத்தான் ஃபீஸ் வாங்குகிறார். முறைக்குத் தடை, கிட்டுக்கு இல்லை என்பதை முதலாளியிடம் மூன்று தடவை விளக்கியாகிவிட்டது. ஆனால் லேப்_மார்த்தாண்டம் சொன்னதை எனக்குச் சாதகமாகவும் எடுத்துக்கொள்ளலாம். பேட்டன்ட் கொடுத்தால் ஊருக்கெல்லாம் தெரியும்படி எழுதிக்கொடுக்க வேண்டும், இருபது வருடம் கழித்துப் பொதுச் சொத்து. கொடுக்காவிட்டால் எல்லோரும் ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். எது மேல்?

லேப்_மார்த்தாண்டம்
அது சரியான கேள்விதான். ஆனால் மிரியட்டிடம் பேட்டன்டும் இருந்தது, ரகசியமும் இருந்தது. முதலாவது இருந்ததால்தான் இரண்டாவது சேர்ந்தது.

ஆசான்_வீட்டுப்பிள்ளை
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வர்ம வைத்தியம். நாடி பிடித்துப் பார்த்து எந்த வர்மத்தில் அடிபட்டது என்று சொல்வார் எங்கள் தாத்தா. இதையும் எவனாவது நாளைக்குப் பேட்டன்ட் எடுத்துவிட்டால்? மஞ்சளுக்கே எடுத்தார்களே.

வடசேரி_வக்கீல்
ஆசானே, இந்தியாவில் முடியாது. வர்மத்தில் செய்கிற இளக்கு முறையும் அடங்கல் முறையும் சிகிச்சை, அதனால் 3(ஐ). வழிவழி அறிவு என்பதால் 3(பி), ஆங்கில எழுத்து p. வெளிநாட்டில் எடுத்தாலும் ரத்து செய்ய வழி உண்டு. புண்ணுக்கு மஞ்சள் வைப்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் கொடுத்த பேட்டன்டை நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஆதாரங்களைக் காட்டி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. ஆனால் எழுத்தில் இருக்கிற ஆதாரம்தான் அங்கே எடுபடும். ஓலைச்சுவடியைப் பரணில் கரையானுக்குப் போட்டுவிட்டு, வாய்வழியாக மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் கஷ்டம்.

பேச்சிப்பாறை_மேடு
மலையில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர் கதையை யாரும் சொல்லவில்லையே. 1987-ல் அகத்தியமலைக்கு ஆராய்ச்சிக்கு வந்த கேரளத்துப் பாலோடு தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிப் போன காணிக்காரர்கள் ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்து 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தார்கள். பத்து லட்சம் ரூபாயும் இரண்டு சதவீத ராயல்டியும். அதில் பாதி காணிக்காரருக்கு. 1997-ல் அதற்காக ஒரு டிரஸ்ட் பதிவானது. பணம் கைக்கு வரத் தாமதம், எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை என்ற குறைகளெல்லாம் உண்டு. டிரஸ்ட் கேரளப் பக்கம், எங்கள் மலையிலும் காணிக்காரர் இருக்கிறார்கள், அதே செடியும் இருக்கிறது. ஆனாலும் சொன்னவனுக்குப் பங்கு என்ற எண்ணமே இந்தியாவில் அங்கேதான் செயலுக்கு வந்தது.

ஒரு செடியைக் காட்டிக்கொடுத்தவனுக்குப் பங்கு உண்டென்றால், ராஜி அக்காவின் சித்தி மாதிரி ரத்தம் கொடுத்தவர்களுக்கு என்ன?

வடசேரி_வக்கீல்
பேச்சிப்பாறை, நீங்கள் கை வைத்தது சட்டத்தின் பெரிய ஓட்டையில். 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, இந்தியாவில் கிடைத்த உயிர்வளத்தை வைத்துச் செய்த கண்டுபிடிப்புக்குப் பேட்டன்ட் என்றால் சென்னை தரமணியில் இருக்கும் தேசிய ஆணையத்திடம் போக வேண்டும், பலனில் பங்கும் பேச வேண்டும். ஆனால் உயிர்வளம் என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கத்திலேயே மனித மரபணுப் பொருளை வெளியே வைத்துவிட்டார்கள். ஆரோக்கியப்பச்சை இலைக்கு உள்ள பாதுகாப்பு சித்தியின் ரத்தத்துக்கு இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் பலன் பகிர்வைப் பற்றிப் பேசுகின்றன, ஆராய்ச்சிக்கு அது வழிகாட்டி. பணம் கட்டி லேபில் கொடுக்கிற சாம்பிளில் நீங்கள் கையெழுத்துப் போடுகிற ஒப்புதல் படிவம்தான் எல்லாம்.

வெளிநாட்டில் இது எப்படி முடிந்தது என்பதற்கு இரண்டு கதை. கேனவன் என்று குழந்தைகளைக் கொல்லும் ஒரு பரம்பரை நோய். பெற்றோர்களே ரத்தமும் திசுவும் பணமும் கொடுத்து ஜீனைத் தேட வைத்தார்கள். 1993-ல் கிடைத்தது. 1997-ல் ஆராய்ச்சி நடந்த மயாமி மருத்துவமனை அதற்குப் பேட்டன்ட் வாங்கிச் சோதனைக்குக் கட்டணம் போட்டது. பெற்றோர்கள் வழக்குப் போட்டு 2003-ல் சமரசமானது. இன்னொரு குடும்பம் முதலிலேயே உஷாராக இருந்தது. பி.எக்ஸ்.இ. என்ற பரம்பரை நோய் வந்த இரண்டு குழந்தைகளின் பெற்றோர், டெரி தம்பதி. ரத்தம் வேண்டுமானால் எங்கள் சங்கத்தோடு ஒப்பந்தம் போடு என்றார்கள். ஜீன் கிடைத்தபோது பேட்டன்டே நோயாளிகள் சங்கத்தின் கைக்கு வந்தது.

நித்திரவிளை_88
பார்த்தீர்களா, அங்கேயும் பேட்டன்ட்தான் கைகொடுத்தது.

வடசேரி_வக்கீல்
சங்கம்தான் கைகொடுத்தது தம்பி.

தக்கலை_ராஜி
எல்லோருக்கும் நன்றி. படிவத்தின் போட்டோவை டாக்டர் அனுப்பினார், ஆங்கிலத்தில் நான்கு பக்கம். "மீதமுள்ள மாதிரியும் பெயர் நீக்கிய தரவும் ஆராய்ச்சிக்கும் தயாரிப்பு மேம்பாட்டுக்கும் பயன்படுத்தப்படலாம்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? டெஸ்ட் சித்திக்கு முதலிலா, எங்களுக்கு முதலிலா?

லேப்_மார்த்தாண்டம்
முதலில் சித்திக்குத்தான். நோய் வந்தவரிடம் பார்த்து மாற்றம் கிடைத்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு ரொம்பக் குறையும். சித்தியிடம் இருந்தால் உங்கள் அம்மாவுக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு, அடுத்து அம்மாவைப் பாருங்கள். அம்மாவிடம் இல்லையென்றால் உங்களுக்குப் பார்க்கவே வேண்டாம். மாமாமார் இருந்தால் அவர்களையும் விடாதீர்கள், ஆண்கள் வழியாகவும் பிள்ளைகளுக்குப் போகும்.

அந்த வரியைப் பற்றி. பல லேப்களில் ஆராய்ச்சிக்குச் சம்மதம், சம்மதமில்லை என்று தனிக் கட்டம் இருக்கும், டிக் போடாமல் விட்டாலும் டெஸ்ட் நடக்கும். கட்டம் இல்லையென்றால் கேளுங்கள். நானாக இருந்தால் பொதுத் தரவுத்தளத்துக்குக் கொடுக்கச் சம்மதம், தயாரிப்புக்குச் சம்மதமில்லை என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கலெக்ஷன் சென்டர் பையன் முழிப்பான், பரவாயில்லை.

நித்திரவிளை_88
எல்லோரும் அப்படி எழுதினால் நாங்கள் கிட்டைச் சரிபார்க்க சாம்பிளுக்கு எங்கே போவது? இந்த ஊர் ரத்தம் இல்லாமல் செய்கிற கிட் இந்த ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

பேச்சிப்பாறை_மேடு
கேட்டு வாங்குங்கள் தம்பி. பங்கு என்ன என்று அதே படிவத்தில் எழுதுங்கள். காணிக்காரருக்கு எழுத முடிந்ததை மற்றவர்களுக்கு எழுத முடியாதா?

லேப்_மார்த்தாண்டம்
ராஜி அக்கா, விட்டுப்போன ஒன்று. பிடிஎஃப் ரிப்போர்ட்டோடு விசிஎஃப் ஃபைலையும் கேட்டு வாங்கி வையுங்கள், சோதனையில் கிடைத்த எழுத்து மாற்றங்களின் பட்டியல் அதில் இருக்கும். நாளைக்கு வேறு லேபில் காட்ட வேண்டுமானால் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியிருக்காது. வி.யூ.எஸ். என்று வந்தால் பயந்து எந்த முடிவும் எடுக்காமல், வருடத்துக்கு ஒரு தடவை மறுவகைப்பாடு செய்தீர்களா என்று லேபுக்கு மெயில் போடுங்கள். சில லேப்கள் இலவசமாகப் பார்த்துச் சொல்லும், சில கட்டணம் கேட்கும். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.